சுருள் திருப்பித் தந்த ஆற்றல்

பெற்ற கடனைத் திருப்பித் தருபவரை உலகம் நாணயமானவர் என்று போற்றும். கம்பிச் சுருளும் அத்தகைய நாணயம் உடையதே. ஆயினும், அது திருப்பித் தந்ததை வீணாக்காமல் பெற்றுக்கொள்ள மனிதன் நூறாண்டுக் காலம் கற்க வேண்டியிருந்தது.

1832ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சோசப் என்றி ஒரு புதுமையைக் கண்டு வெளியிட்டார். நீண்ட கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைத் துண்டித்தபோது, குட்டைக் கம்பியில் தோன்றாத ஒளிப்பொறி தோன்றிற்று. 1834இல் வில்லியம் சென்கின் என்பார் கண்ட மற்றொரு நிகழ்ச்சியை மைக்கேல் பாரடே ஆராய்ந்தார். வலுவற்ற மின்கலம் ஒன்றே இணைக்கப்பட்டிருந்தும், மின்காந்தச் சுருளின் இணைப்பைப் பிரித்தவர் கைகளில் அதிர்ச்சி உண்டாயிற்று. மின்னோட்டம் ஓடுங்கால் சுருளைச் சூழ்ந்த காந்தப்புலத்தில் ஆற்றல் சேர்கின்றது. ஓட்டம் தடைப்பட்டதும் புலம் குலைந்து, அவ்வாற்றல் உயர்ந்த மின்னழுத்தமாக வெளிப்படுகின்றது. இதுவே தன்மின்தூண்டல் ஆகும்.

1836இல் அயர்லாந்தின் மேனூத் கல்லூரிப் பேராசிரியர் நிக்கோலசு காலன் இவ்வியல்பைக் கொண்டு தூண்டற்சுருள் அமைத்தார். எனினும், பொதுவான சுருட்கருவிகளில் இவ்வாற்றல் பொறியாகப் பாய்ந்து, இணைப்பு முனைகளை அரித்து வீணாயிற்று. அதனைச் சேமிக்க, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒருவழிக் கதவு வேண்டும். 1874இல் பெர்டினாண்டு பிரவுன் சில படிகங்களில் இப்பண்பைக் கண்டார். 1904இல் சான் அம்புரோசு பிளெமிங் வெற்றிடக் குழலால் மின்திருத்தி செய்தார். சுருளுக்கு மின்சாரம் ஊட்டும்போது திருத்தி மூடியிருக்கும். ஊட்டுதலை நிறுத்தியதும் அழுத்தத்தின் திசை மாறுதலால் திறந்து, ஆற்றலை மின்தேக்கிக்குள் செலுத்தும்.

இதன் பயன் தொலைக்காட்சியில் துலங்கிற்று. 1963இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொடங்கிய ஒளிபரப்பில், ஒரு படத்துக்கு 625 வரிகள். நொடிக்கு 25 படங்கள். ஆகவே, கதிரை வளைக்கும் சுருளின் ஓட்டம் நொடிக்கு 15,625 முறை திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆற்றல் வெப்பமாகக் கழிந்தால் பேரிழப்பாகும். திருத்தி அதனை மீட்டு அடுத்த வரிக்கு உதவிற்று. படக்குழல் பெட்டிகள் இன்று வழக்கொழிந்தன. ஆயினும் கைப்பேசி மின்னேற்றிகளில், சுருளில் சேர்த்த ஆற்றலைத் திருத்தி வழியே பெறும் அம்முறை வாழ்கின்றது.

இங்கே ஒரு மயக்கத்தைக் களைதல் ஆசிரியர் கடமை. சுருள் வீசும் அழுத்தத்தின் உயரத்தைக் கண்டு, இட்டதைவிட மிகுதியாகக் கிடைப்பதாகச் சிலர் நம்புவர். 0.1 என்றி அளவுள்ள சுருளில் 2 ஆம்பியர் ஓடினால், அதில் சேரும் ஆற்றல் 0.2 சூல் மட்டுமே. துண்டிக்கும்போது அழுத்தம் ஆயிரம் வோல்ட்டுக்கு எழுந்தாலும், அது கண்ணிமைக்கும் நேரம்கூட நிலைப்பதில்லை. ஆற்றலின் அளவு கூடுவதுமில்லை. கம்பியின் தடையும், இரும்பு உள்ளகமும், திருத்தியும் தத்தம் பங்கை வெப்பமாக எடுத்துக்கொள்ளும். எஞ்சியதே நமக்குக் கிட்டும். ஆற்றல் அழியா விதியை 1847இல் எல்ம்கோல்ட்சு விளக்கியுரைத்தார். அதனை மீறிய சுருள் எதுவுமில்லை.

சுருள் வட்டி தருவதில்லை. முதலையும் சற்றுக் குறைத்தே தருகின்றது. அக்குறைவைக் குறைத்த வரலாறே மின்திருத்தியின் பெருமை. வியப்போடு நின்றுவிடாமல் அளந்து பார்க்கும் மாணவனே இவ்வுண்மையை உணர்வான்.