புரூக்ளின் இழந்த அணி

1913 ஏப்ரல் 9 அன்று எபெட்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் முதல் லீக் பேஸ்பால் ஆட்டம் நடந்தது. பிலடெல்ஃபியாவிடம் புரூக்ளின் அணி 0-1 என்று தோற்றது. அந்த இடம் அதற்கு முன் குப்பை கொட்டும் பள்ளம். அந்தப் பகுதியை பிக்டவுன் என்றுதான் கூப்பிட்டார்கள். அணியின் உரிமையாளர் சார்லஸ் எபெட்ஸ் அந்தத் துண்டு நிலங்களைச் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். கட்டடம் எழும்பும்போது கையிருப்பு தீர்ந்துபோக, அணியில் பாதிப் பங்கை மெக்கீவர் சகோதரர்களுக்கு விற்று வேலையை முடித்தார். கட்டி முடித்த பிறகுதான் பத்திரிகையாளர்கள் உட்கார இடமே ஒதுக்கவில்லை என்பது தெரியவந்தது.

புரூக்ளின் 1898 வரை தனி நகரம். நியூயார்க்கோடு இணைந்ததும் தனி மேயர் போனார், தனி நகராட்சி போனது. ஊர்ப்பெயரைத் தாங்கி நாடு முழுக்கப் போய்வர மிஞ்சியது பேஸ்பால் அணி மட்டும். டாட்ஜர்ஸ் என்ற பெயரும் அந்தத் தெருக்களில் பிறந்ததே. 1890களில் மின்சார டிராம்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடத் தொடங்கியபோது, அவற்றில் அடிபடாமல் துள்ளித் தப்பித்தவர்கள் என்று புரூக்ளின்வாசிகளுக்கு வந்த பெயர் அது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டனில் ஜயன்ட்ஸ், பிராங்ஸில் யாங்கீஸ். இருவரும் நியூயார்க் என்ற பெயரில் ஆடினார்கள். நியூயார்க்குக்குள்ளேயே இருந்துகொண்டு புரூக்ளின் என்ற பெயரில் ஆடிய அணிக்கு அந்த ஊர் மக்கள் எவ்வளவு உரிமை கொண்டாடியிருப்பார்கள் என்பதைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும்.

உரிமை கொண்டாடியவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் தோல்விதான். சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸில் 1916, 1920, 1941, 1947, 1949, 1952, 1953 என்று ஏழு முறை தோல்வி. அதில் கடைசி ஐந்தும் யாங்கீஸிடம். 1941இல் நான்காவது ஆட்டம் கைக்கு வந்து நழுவியது. ஒன்பதாவது இன்னிங்ஸ், புரூக்ளின் 4-3 என்று முன்னிலை, இரண்டு பேர் அவுட். யாங்கீஸின் டாமி ஹென்ரிக் மட்டையை வீசி மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கோட்டைவிட்டார். ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் புரூக்ளின் கேட்சர் மிக்கி ஓவனின் கையுறையில் பந்து நிற்கவில்லை. ஹென்ரிக் முதல் பேஸுக்கு ஓடிவிட்டார். யாங்கீஸ் அதன் பிறகு நான்கு ரன் எடுத்து வென்றது. ஒவ்வோர் அக்டோபரிலும் புரூக்ளின்வாசிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட ஆறுதல் ஒன்றே: அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.

ஆனால் தோற்றதை மட்டும் சொன்னால் அந்த மைதானத்தைச் சொன்னதாகாது. அங்கே கேலரிக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே தூரமே இல்லை. ஆட்டக்காரர் முணுமுணுப்பது முன்வரிசைக்குக் கேட்கும்; முன்வரிசை திட்டுவது ஆட்டக்காரருக்கு நிச்சயம் கேட்கும். ஹில்டா செஸ்டர் என்ற பெண்மணி விலை மலிந்த பிளீச்சர் இருக்கைகளில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவார். மாரடைப்பு வந்து, இனிக் கத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், வாணலியும் கரண்டியுமாக வந்து தட்ட ஆரம்பித்தார். பிறகு ஆட்டக்காரர்களே அவருக்கு ஒரு பித்தளை மாட்டுமணி வாங்கிக் கொடுத்தார்கள். எபெட்ஸ் ஃபீல்டின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது அந்த மணிச்சத்தம்.

சிம்ஃபோனி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு ரசிகர் வாத்தியக் குழு இருந்தது. சுருதி, தாளம் எதுவும் சேராது. எதிரணி மட்டையாளர் அவுட்டாகித் திரும்பி நடக்கையில் அடிக்கு அடி வாசித்துக்கொண்டே வருவார்கள். அவர் பெஞ்சில் உட்காரும் நொடியில் பெரிய மேளம் ஓங்கி விழும். சில மட்டையாளர்கள் உட்காராமல் நின்றே பார்ப்பார்கள். குழுவும் விடாமல் காத்திருக்கும். 1951இல் இசைக்கலைஞர் சங்கம் இந்தக் குழுவுக்கு ஆட்சேபம் தெரிவித்தது. அணி நிர்வாகம் ரசிகர் பக்கம் நின்று, வாத்தியம் எடுத்துவரும் எவருக்கும் அனுமதி இலவசம் என்று ஆகஸ்டில் ஓர் இரவையே அறிவித்தது. ஸ்கோர்போர்டின் அடியில் ஏப் ஸ்டார்க் என்ற துணிக்கடைக்காரரின் விளம்பரப் பலகை: பந்தால் இதை அடித்தால் ஒரு சூட் இலவசம். அதை அடிப்பது லேசில்லை. வலது மூலையில் டாட்ஜர்ஸின் கார்ல் ஃபுரில்லோ வந்த பந்தையெல்லாம் பிடித்துவிடுவார். வலப்பக்கச் சுவரைத் தாண்டினால் பெட்ஃபோர்ட் அவென்யூ. டிக்கெட் வாங்க வழியில்லாத பிள்ளைகள் அங்கே நடைபாதையில் ஹோம் ரன் பந்துக்காகக் காத்து நிற்பார்கள்.

1947 ஏப்ரல் 15 அன்று டாட்ஜர்ஸின் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் இங்கேதான் களமிறங்கினார். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மேஜர் லீக் கறுப்பினத்தவருக்கு அடைத்து வைத்திருந்த கதவு அன்று திறந்தது. கூட்டத்தில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள் என்று மதிப்பிட்டார்கள். அந்த சீசனில் புரூக்ளினில் 18 லட்சம் பேர் ஆட்டம் பார்த்தார்கள். ஏழைக் குடியேறிகளும் யூதர்களும் இத்தாலியரும் கறுப்பினத்தவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே ஆளுக்காகக் கைதட்டினார்கள். இந்த அணி தந்த மகிழ்ச்சிகளில் பின்னால் 1955இல் வென்ற வேர்ல்ட் சீரிஸ் கோப்பைக்கும் மேலாக வைக்க வேண்டியது இது.

ரசிகர்களின் மனசு எப்படிப்பட்டது என்பதற்கு ஆட்டக்காரர் கில் ஹாட்ஜஸ் விஷயம் ஒன்றே போதும். 1952 வேர்ல்ட் சீரிஸில் 21 முறை மட்டை பிடித்து அவரால் ஒரு ஹிட்கூட அடிக்க முடியவில்லை. வேறு ஊராக இருந்தால் கூச்சலிட்டு விரட்டியிருப்பார்கள். புரூக்ளினில் அவர் மட்டையோடு வரும்போதெல்லாம் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜெபமாலைகளையும் யோசனைக் கடிதங்களையும் அனுப்பினார்கள். அடுத்த சீசன் தொடக்கத்திலும் அவருக்கு ஆட்டம் கைகூடவில்லை. வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹெர்பர்ட் ரெட்மண்ட் என்ற பாதிரியார் பிரசங்கம் செய்ய முடியாத அளவுக்குப் புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி, கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், ஹாட்ஜஸுக்காக ஜெபியுங்கள் என்று இரண்டே வரியில் சபையை அனுப்பிவைத்தார். அந்த சீசனை ஹாட்ஜஸ் 31 ஹோம் ரன்களோடு முடித்தார்.

டாட்ஜர்ஸ் ரசிகையாக வளர்ந்த வரலாற்றாசிரியர் டோரிஸ் கியர்ன்ஸ் குட்வினுக்கு ஆறு வயதில் அவருடைய அப்பா ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்தார். அப்பா வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில் ரேடியோவில் ஆட்டம் கேட்டு, ஒவ்வொரு பந்தையும் குறித்து வைத்து, சாயங்காலம் முழு ஆட்டத்தையும் சொல்லிக் காட்டுவார் சிறுமி. மறுநாள் பேப்பரில் எல்லாம் வரும் என்று அப்பா கடைசிவரை சொல்லவே இல்லை. தான் சொல்லாவிட்டால் அப்பாவுக்குத் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நடந்ததை வரிசையாகச் சொல்லும் கலையை அங்கேதான் கற்றதாக அவர் பின்னாளில் எழுதினார்.

1951இல் ஆகஸ்ட் 11 நிலவரப்படி ஜயன்ட்ஸைவிட 13 ஆட்டங்களுக்கு மேல் முன்னிலையில் இருந்த டாட்ஜர்ஸ், சீசன் முடிவில் சமநிலைக்கு வந்து, பிளேஆஃபின் கடைசி இன்னிங்ஸில் பாபி தாம்சனின் ஹோம் ரன்னில் விழுந்தது. எதிரணிக் கேட்சரின் சைகைகளை ஜயன்ட்ஸ் அந்த ஆண்டு தொலைநோக்கி வைத்துப் பார்த்துத் திருடியது என்பது 2001இல்தான் பத்திரிகையில் விரிவாக வெளிவந்தது. ஐம்பது ஆண்டுகள் அந்தத் தோல்வியைச் சுமந்த ரசிகர்களுக்கு அது புண்ணைக் கீறிவிட்டதுபோல் ஆயிற்று.

1955 அக்டோபர் 4. யாங்கீ ஸ்டேடியத்தில் ஏழாவது ஆட்டம். ஹாட்ஜஸ் அடித்து வந்த இரண்டு ரன்களோடு புரூக்ளின் முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸில் இரண்டு யாங்கீஸ் வீரர்கள் பேஸில் நிற்க, யோகி பெரா இடது மூலைக்குத் தூக்கி அடித்தார். அந்த இன்னிங்ஸில்தான் அந்த இடத்துக்கு மாற்றாக வந்திருந்த கியூபாக்காரர் சாண்டி அமோரோஸ் ஓடோடி வந்து கையை நீட்டினார். அவர் இடக்கை எறிபவர், கையுறை வலது கையில். வலக்கை ஆட்டக்காரராக இருந்தால் அந்தப் பந்து எட்டியிருக்காது. பிடித்த வேகத்தில் பீ வீ ரீஸுக்கு எறிந்தார். ரீஸ் ஹாட்ஜஸுக்கு எறிந்தார். பேஸுக்குத் திரும்ப முடியாத ஓட்டக்காரரும் அவுட். யாங்கீஸிடம் தோற்ற ஐந்து தொடர்களிலும் ஆடிய ரீஸ்தான் கடைசிப் பந்தையும் எடுத்து எறிந்தார். பந்து வீசிய ஜானி பாட்ரஸ் ஒரு ரன்கூடத் தரவில்லை, 2-0. அன்றிரவு புரூக்ளின் தெருக்களில் கார் ஹாரன் ஓயவில்லை. ஊரின் சொந்தப் பத்திரிகையான புரூக்ளின் ஈகிள் அந்த ஜனவரியிலேயே மூடப்பட்டிருந்தது. நூறாண்டைத் தாண்டிய அந்தப் பேப்பருக்கு இந்தச் செய்தியை அச்சிடக் கொடுத்து வைக்கவில்லை.

இரண்டே ஆண்டுகள். உரிமையாளர் வால்ட்டர் ஓமாலி அட்லான்டிக் அவென்யூவும் ஃபிளாட்புஷ் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் புது மைதானம் கட்ட விரும்பினார்; நிலத்தை நகரம் கையகப்படுத்தித் தர வேண்டும் என்றார். நகர நிர்மாணத்தைக் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் தனியார் மைதானத்துக்கு அப்படிச் செய்ய முடியாது என்று மறுத்து, குவீன்ஸில் ஃபிளஷிங் மெடோஸைக் காட்டினார். குவீன்ஸில் ஆடினால் அது எப்படி புரூக்ளின் அணி என்று கேட்டார் ஓமாலி. நியாயமான கேள்வி, ஆனால் அதைக் கேட்டவரே நாட்டின் மறுகோடியில் இருக்கும் லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போனார். அணி நஷ்டத்தில் ஓடவில்லை. கடைசி சீசனிலும் பத்து லட்சம் பேர் வந்தார்கள். பழி மோசஸுக்கா ஓமாலிக்கா என்று இன்றும் வாதிடுகிறார்கள். இருவருக்கும் பங்கு உண்டு. ரசிகர் தரப்பில் பேச மட்டும் அந்த மேசையில் ஒருவரும் இல்லை. 1957 செப்டம்பர் 24, எபெட்ஸ் ஃபீல்டில் அவர்களின் கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 6,702 பேர். ஆர்கன் வாசிக்கும் கிளாடிஸ் குடிங் அன்றிரவு பிரிவுப் பாட்டாகவே வாசித்துத் தீர்த்தார்.

லாஸ் ஏஞ்சலீஸில் புது மைதானம் எழுந்த சாவெஸ் ரவீனிலும் ஓர் ஊர் அழிந்திருந்தது. பொதுக் குடியிருப்பு கட்டப்போவதாகச் சொல்லி நூற்றுக்கணக்கான மெக்சிக அமெரிக்கக் குடும்பங்களை 1950களின் தொடக்கத்தில் கிளப்பினார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, நிலம் டாட்ஜர்ஸுக்குப் போனது. போக மறுத்து எஞ்சியிருந்தவர்களை 1959 மே மாதம் போலீஸ் தூக்கிச்சென்று வெளியேற்றியது. புரூக்ளினின் இழப்பைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

எபெட்ஸ் ஃபீல்டை 1960இல் இடித்தார்கள். இடிக்கும் இரும்புக் குண்டுக்கு பேஸ்பால் போல வெள்ளையும் சிவப்புத் தையலும் தீட்டியிருந்தார்கள். ரசிகர்களில் சிலர் அதோடு ஆட்டத்தையே விட்டார்கள். சிலரால் விட முடியவில்லை. 1963இல் லாஸ் ஏஞ்சலீஸ் அணி யாங்கீஸை 4-0 என்று துடைத்தெடுத்தது. முதல் ஆட்டத்தில் 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்த சாண்டி கூஃபக்ஸ் புரூக்ளினில் பிறந்து வளர்ந்தவர். பல வீடுகளில் சந்தோஷப்படுவதா வயிறெரிவதா என்று தெரியவில்லை. குட்வின் பாஸ்டன் பக்கம் குடிபோய் ரெட் சாக்ஸுக்கு மாறினார். அந்த அணி கோப்பை வெல்ல 2004 வரை காத்திருந்தார்.

ஹாட்ஜஸ் அணியோடு லாஸ் ஏஞ்சலீஸ் போனாலும் ஊரை விடவில்லை. இந்தியானாவில் பிறந்தவர் புரூக்ளின் பெண் ஜோனைக் கட்டிக்கொண்டு அங்கேயே வீடு வைத்திருந்தார். 1962இல் நியூயார்க்குக்கு மெட்ஸ் என்ற புது அணி வந்தபோது அதில் ஆடினார். 1969இல் மேனேஜராக அதற்கு வேர்ல்ட் சீரிஸ் வாங்கித் தந்தார். 1972இல் 47 வயதில் மாரடைப்பில் இறந்தார். ஹால் ஆஃப் ஃபேமுக்கான பத்திரிகையாளர் வாக்கெடுப்பில் 15 ஆண்டுகள் அவர் பெயர் நின்றும் தேவையான 75 சதவீதம் கிடைக்கவில்லை. பழைய ரசிகர்கள் விடவில்லை. அவர்கள் பிள்ளைகளும் விடவில்லை. கமிட்டி மாறி கமிட்டி வந்தபோதெல்லாம் அவர் பெயரை முன்வைத்துப் பேசிக்கொண்டே இருந்தார்கள். 2021 டிசம்பரில் தேர்வானார். செய்தி வந்தபோது 95 வயது ஜோன் புரூக்ளினில்தான் இருந்தார்.