அடுக்களையில் ஒளித்த ஏடு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஊதியமின்றி இல்லம் பேணும் பெண்டிர் வேலை செய்யாதோர் பகுதியிலேயே எண்ணப்பட்டனர். பதிவேட்டில் தொழில் இல்லையெனில் அறிவுக்கும் வேலை இல்லையென்று நாம் எளிதிற் கருதிவிடுகின்றோம். சரித்திரம் வேறு கூறுகின்றது.

வங்கத்துப் பாப்னா மாவட்டத்தில் 1810ஐ ஒட்டிப் பிறந்தவர் ராசசுந்தரி தேவி. 12 வயதில் மணம்; 12 மக்களுக்குத் தாய். பெண் எழுத்தறிதல் பழியென எண்ணப்பட்ட காலம் அது. இறைவன் புகழைத் தாமே படித்தறியும் வேட்கையால், 'சைதன்ய பாகவத'த்தின் ஓர் ஏட்டையும், மைந்தன் எழுதிப் பழகிய பனையோலையையும் அடுக்களையில் மறைத்துவைத்தார். வீட்டு வேலைகளுக்கிடையே எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுத் தாமே படிக்கக் கற்றார். பின்னாளில் 'ஆமார் ஜீபன்' என்னும் தம் வரலாற்றை எழுதினார். 1897இல், முதுமையிலும் அதனை விரிவாக்கினார். வங்கமொழியின் முதல் தன்வரலாறுகளுள் ஒன்றாக அது போற்றப்படுகின்றது.

சம்பளமும் பதவியும் இன்றியே அவ்வறிவு மலர்ந்தது. எனினும் ஒன்றை மறவாதிருப்போம்: அவ்வம்மையார் ஏட்டோடு நேரத்தையும் களவாகவே பெற வேண்டியிருந்தது. நம் இல்லத்து அன்னையர்க்கு அந்நேரத்தை உரிமையாக்கித் தருவது, மாலையில் வீடு திரும்பும் நம் கடமையாகும்.