நிழற்படக் கருவி ஆடம்பரமா? – தஞ்சைக் கல்வெட்டு தந்த விடை



2007-ஆம் ஆண்டின் இறுதியில் 3,200 வெள்ளி கொடுத்து ஒரு நிழற்படக் கருவியை வாங்கினேன். புக்கிட் காத்திலில் குடியிருந்து மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கு அது சிறு தொகையன்று. ஆசிரியர் அறையில் நண்பர்கள் நகைத்தனர். தூண்டில் போடுவதில் நாட்டமுள்ள ஒருவர், தம் பொழுதுபோக்கிலாவது வீட்டுக்கு மீன் வருகிறது என்றார். என் துணைவியார் நகைக்கவில்லை. "இதனால் வீட்டுக்கு என்னங்க பயன்?" என்று மட்டும் கேட்டார். அன்று என்னால் விடை கூற இயலவில்லை.

இதே கேள்வியை 1859-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தின் ஆளுநர் கேட்டிருக்கிறார் என்பதைப் பின்னர் வரலாறு படித்தபோது அறிந்தேன். அந்தக் கதையையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மாட்டு வண்டியில் வந்த கருவி

லின்னேயஸ் டிரைப் என்பவர் 1822-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1839-இல் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். நிழற்படக் கலையைத் தாமே விரும்பிப் பயின்றவர். 1855-இல் பர்மாவுக்குச் சென்ற ஆங்கிலேயத் தூதுக்குழுவோடு போய் அந்நாட்டின் கட்டடங்களைப் படமெடுத்தார். அப்படங்களின் சிறப்பைக் கண்ட சென்னை அரசு அவரைத் தன் நிழற்படக் கலைஞராக அமர்த்திக்கொண்டது.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்ட அவர், சேலம், திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனப் பயணம் செய்து 1858 ஏப்ரல் இறுதியில் சென்னையை அடைந்தார். கருவிகளும் மருந்துப் புட்டிகளும் மாட்டு வண்டிகளில் சென்றன. அக்காலத்தில் சிறிய படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வழக்கம் இல்லை. தாளின் மீது தாளை வைத்து வெயிலில் அச்சிடுவர். எதிர்ப்படம் எவ்வளவு பெரிதோ, அச்சும் அவ்வளவே. ஆகவே பெரிய படம் வேண்டுமாயின் பெரிய கருவி வேண்டும். மெழுகு ஏற்றிய தாளில் வெள்ளி உப்பைப் பூசி, ஒவ்வொரு காட்சிக்கும் நிமிடக் கணக்கில் கருவியை அசையாமல் நிறுத்த வேண்டும். நம் நாட்டில் பணத்தையே வெள்ளி என்கிறோம். டிரைப்பின் கலையிலோ உண்மையான வெள்ளியே கரைந்தது!

இருபத்தொரு படங்கள்

அப்பயணத்தில் அவர் செய்த ஒரு பணி என்னை வியப்பில் ஆழ்த்தியது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் இராசராச சோழனின் கல்வெட்டுகள் நீண்டு செல்வதை நாம் அறிவோம். டிரைப் அவற்றைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று பொருத்தி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். அழகிய கோபுரத்தை எடுப்பது எவருக்கும் இயல்பு. எழுத்துகள் நிறைந்த கற்சுவரை அத்தனை பொறுமையோடு எடுப்பது இயல்பன்று.

அக்கல்வெட்டுகளில் இருப்பவை என்ன? அரசன் அளித்த நகைகளின் எடை, விளக்கெரிக்க விடப்பட்ட ஆடுமாடுகளின் கணக்கு, கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும் அவர்கள் குடியிருந்த வீடுகளின் வரிசையும். ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தஞ்சைக் கல்வெட்டுகளைப் படித்து நூலாக வெளியிடத் தொடங்கியது 1891-இல். அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே டிரைப்பின் படம் உருவாகிவிட்டது.

ஆளுநரின் தீர்ப்பு

1859-இல் சர் சார்லஸ் டிரெவிலியன் சென்னையின் ஆளுநராக வந்தார். 1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குப் பின் அரசின் கருவூலம் வறண்டிருந்தது. கணக்கைப் பார்த்த ஆளுநர், இன்றைய நிதி நிலையில் நிழற்படம் பெரும் ஆடம்பரம் என்று கருதி அப்பணியை நிறுத்த ஆணையிட்டார். 1860-க்குள் எல்லாம் முடிவுற்றது. டிரைப் படைப்பணிக்கே திரும்பினார்.

டிரெவிலியனைக் கொடியவராகக் காட்ட நான் விரும்பவில்லை. மக்கள் மீது புதிய வருமான வரி விதிப்பதை வெளிப்படையாக எதிர்த்து, அதனால் 1860-இல் பதவியிழந்தவர் அவரே. வரியைக் கூட்டக் கூடாது என்பவர் செலவைக் குறைக்கத்தானே வேண்டும்? எனினும் அவர் கண்ட கணக்கேட்டில் செலவுப் பத்தி மட்டுமே இருந்தது. வரவுப் பத்தி நிரம்பப் பல ஆண்டுகள் ஆயின. 2014 முதல் 2015 வரை வாஷிங்டன், நியூயார்க், லண்டன் ஆகிய நகரங்களின் பெரும் அருங்காட்சியகங்கள் டிரைப்பின் படங்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தின.

என் கணக்கு

அப்படியானால் விலையுயர்ந்த கருவி வாங்கியது சரிதான் என்று நான் வாதாடலாமா? இங்கேதான் என் மனச்சான்று குறுக்கிட்டது.

கருவி வாங்கிய முதல் ஆண்டில் நான் எடுத்தவை செம்பருத்திப் பூக்களும் மலாக்கா ஆற்றங்கரை விளக்குகளும்தாம். நம் நாட்டு ஈரக்காற்றில் வில்லையில் பூஞ்சை படியும் என்று அஞ்சி, அதற்கென ஒரு பெட்டியும் வாங்கிக் கருவியைப் பூட்டி வைத்தேன். அந்த ஆண்டிலேதான் என் தந்தையார் பால்மரம் சீவிய தோட்டத்தின் பழைய லயத்து வீடுகள் இடிக்கப்பட்டன. செய்தி எனக்கு ஒரு வாரம் கழித்தே எட்டியது. நான் போனபோது செம்மண் மேடு மட்டுமே இருந்தது. கருவி பத்திரமாக இருந்தது. எடுக்க வேண்டியது போய்விட்டது. அன்று டிரெவிலியன் என் முன் நின்று ஆடம்பரம் என்று சொல்லியிருந்தால், தலைகுனிந்து ஒப்புக்கொண்டிருப்பேன்.

பொழுதுபோக்குகளை ஒப்பிடுவோர் விலையை மட்டும் ஒப்பிடுகின்றனர். தூண்டிலும் பந்தாட்டமும் தரும் மகிழ்ச்சி அன்றன்றே கிடைக்கிறது. அது போதும், அதற்குச் சாக்குப்போக்குத் தேவையில்லை. நிழற்படமோ நாளைக்குப் பயன்படும் என்று சொல்லித்தான் வாங்கப்படுகிறது. ஆகவே, நாளைக்கு வேண்டியதை எடுத்தோமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இராசராசன் 400 பெண்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தான். நம் தோட்டங்களில் காடழித்துப் பால்மரம் நட்டவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. என் பாட்டியார் தம் வாழ்நாளில் எடுத்துக்கொண்ட ஒரே படம் அடையாள அட்டைக்காக எடுத்தது.

2009 முதல் வார இறுதிகளில் முதியவர்களைத் தேடிச் சென்றேன். அவர்களைப் படமெடுத்து, பெயர், பிறந்த தோட்டம், செய்த வேலை ஆகியவற்றைக் குறித்து வைத்தேன். சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு மாலையில், தோட்டத்தில் ஆயாக் கொட்டகையைக் கவனித்த ஓர் அம்மையார் காலமானார். அவர் மகன் என் வீட்டுக்கு வந்து, "அம்மா படம் ஒன்னு எங்ககிட்ட நல்லதா இல்லீங்க சார்" என்றார். என் துணைவியாரே அப்படத்தைத் தேடி எடுத்து, பட்டணத்தில் பெரிதாக அச்சிட்டுச் சட்டமிட்டு வரச் சொன்னார். அதன்பின் அவர் பழைய கேள்வியைக் கேட்டதில்லை.

பெற்றோர்களே, கடன்பட்டுக் கருவி வாங்க வேண்டா. இன்று கைப்பேசியே போதும். ஆசிரியர்களே, அடுத்த விடுமுறையில் மாணவர்கள் தத்தம் தாத்தா பாட்டியை ஒரு படம் எடுத்து, பின்புறம் பெயரும் ஊரும் எழுதி வரட்டும். அச்சிடும் செலவு சில காசுகளே. எடுக்காமல் விட்டதன் விலையை நான் அந்தச் செம்மண் மேட்டில் நின்று அறிந்தேன்.