துடைப்பான் வந்தது முன்னே, தண்ணீர் வந்தது பின்னே

காரின் முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பருக்குப் பிறந்த தேதி உண்டு: 1903 நவம்பர் 10. பெற்றவர் பெயரும் உண்டு: மேரி ஆண்டர்சன், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்காரர். அதே கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் வாஷருக்கு இப்படி ஊரறிந்த ஜாதகம் கிடையாது. தண்ணீர் இல்லாத வைப்பரால் என்னென்ன தொல்லை என்பது தெரியத் தெரிய, கொஞ்சம் கொஞ்சமாக உருவான பொருள் அது. வைப்பர் பிறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் வந்தது. வந்த பிறகும் இன்னொரு முப்பது ஆண்டுக்கு, வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கிக்கொள் என்ற நிலையில்தான் இருந்தது.

கதையை வைப்பரிலிருந்தே தொடங்க வேண்டும். 1902-03 குளிர்காலத்தில் மேரி ஆண்டர்சன் நியூயார்க் போயிருந்தார். டிராமில் ஏறியவர் கண்ணில் பட்டது ஓட்டுநரின் திண்டாட்டம். பனியும் மழையும் கலந்து கண்ணாடியில் அப்பிக்கொள்கிறது. எதிரே எதுவும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் முன்கண்ணாடியைத் திறந்துவிட்டு, குளிர்காற்று முகத்தில் அறைய அறைய ஓட்டுகிறார். உள்ளே இருக்கும் பயணிகளுக்கும் நடுக்கம். மேரி யோசித்த தீர்வு எளிமையானது. கண்ணாடிக்கு வெளியே ரப்பர் பதித்த ஒரு கை, உள்ளே ஒரு நெம்புகோல், ரப்பரைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடிக்க ஓர் எதிர் எடை. ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நெம்புகோலை அசைத்தால் வெளியே கை போய்த் திரும்பும். குளிர்காலம் முடிந்தால் கழற்றி வைத்துவிடலாம்.

743,801 என்ற எண்ணில் 17 ஆண்டுக் காப்புரிமை கிடைத்தது. காசுதான் கிடைக்கவில்லை. 1905-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரக் கம்பெனி ஒன்றிடம் விற்கப் பார்த்தார். இதற்கு வியாபார மதிப்பு இல்லை என்று அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வருவதற்கே இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்த காலம் அது. தெருவில் ஓடிய கார்களே சொற்பம். அவற்றிலும் பலவற்றுக்கு முன்கண்ணாடி கிடையாது. காப்புரிமை 1920-ல் காலாவதியானது. 1922-ல் காடிலாக் கம்பெனி தன் கார்கள் எல்லாவற்றிலும் வைப்பரைப் பொருத்தியே விற்கத் தொடங்கியது. மேரி 1953-ல் காலமானார். அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் பெருமன்றத்தில் அவர் பெயர் ஏறியது 2011-ல்.

கையால் அசைக்கும் வைப்பரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர் பஃபலோ நகரில் நாடக அரங்கு நடத்திக்கொண்டிருந்த ஜான் ஆய்ஷி. 1916-ல் ஒரு மழை இரவில் கார் ஓட்டிப் போனபோது, கண்ணாடி மங்கி, ஒரு சைக்கிள்காரர் மீது மோதிவிட்டார். அவருக்குப் பெரிய காயமில்லை. ஆனால் ஆய்ஷிக்கு அந்த அதிர்ச்சி போகவில்லை. கண்ணாடி துடைக்கக் கடையில் என்ன கிடைக்கும் என்று தேடியதில் ‘ரெயின் ரப்பர்’ என்ற கைத்துடைப்பான் அகப்பட்டது. அதை விற்கவே 1917-ல் கம்பெனி தொடங்கினார். பிற்பாடு ‘ட்ரிகோ’ என்று உலகமறிந்த வைப்பர் கம்பெனி அதுதான்.

கையின் வேலையை அடுத்து எஞ்சின் எடுத்துக்கொண்டது. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது அதன் குழாயில் ஒரு உறிஞ்சு விசை உண்டாகும். அதைச் சின்ன ரப்பர் ஹோஸ் வழியாகக் கொண்டுவந்து வைப்பரை ஆட்டினார்கள். செலவில்லாத வேலைதான், ஒரு வில்லங்கம் தவிர. ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் அந்த உறிஞ்சு விசை குறைந்துவிடும். மேட்டில் ஏறும்போதும் லாரியை முந்தும்போதும், அதாவது கண் நன்றாகத் தெரியவேண்டிய நேரத்தில், வைப்பர் சோர்ந்து நின்றுவிடும். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1926-லேயே மின்சார வைப்பரைக் கொண்டுவந்தும், அமெரிக்க வண்டிகள் பலவற்றில் இந்த உறிஞ்சு வைப்பர் 1960கள் வரை ஓடியது.

துடைக்கும் கை வந்தது, அதை ஆட்ட மோட்டாரும் வந்தது. ஆனால் எல்லோரும் மழையையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் தானாக வரும். ரப்பர் வழித்துத் தள்ளினால் போதும். கண்ணாடியை மறைப்பது மழை மட்டுமா? மழை விட்ட பிறகு ஈரச்சாலையில் முன்னே போகும் லாரியின் டயர் வாரி இறைக்கும் சேறு இருக்கிறது. அந்தியில் வந்து மோதி ஒட்டிக்கொள்ளும் பூச்சிகள் இருக்கின்றன. பனி நாடுகளில் சாலையில் தூவும் உப்பு உலர்ந்து வெள்ளையாகப் படிகிறது.

காய்ந்த தூசி படிந்த கண்ணாடியில் லேசாகத் தூறல் விழும் முதல் சில நிமிடங்களைக் கவனித்துப் பாருங்கள். வைப்பரைப் போட்டதும் ரப்பர் அந்தத் தூசியைக் குழைத்து, பழுப்பு நிற வில்லாகக் கண்ணாடி முழுக்க இழுத்துவிடும். போடுவதற்கு முன் புள்ளி புள்ளியாகத் தெரிந்த சாலை, போட்ட பிறகு அடியோடு மறையும். எதிரே ஒரு வண்டி ஹெட்லைட்டோடு வந்தால் அந்தப் பூச்சு முழுவதும் ஒளிர்ந்து கண்ணைக் கட்டிவிடும். தண்ணீரே இல்லாமல் துடைத்தால் ரப்பர் விளிம்பில் மணல் ஏறி உப்புத்தாள் ஆகிவிடும். கண்ணாடியில் அரைவட்டக் கீறல் விழும். அந்தக் கீறல் கண்ணாடியை மாற்றும் வரை போகாது.

ஓட்டுநர்கள் அன்று செய்தது, ஓரமாக நிறுத்தி இறங்கித் துணியால் துடைப்பது. பெட்ரோல் பங்க்கில் பையன் வந்து துடைத்துவிடுவதும் சேவையில் சேர்த்தி. வண்டிகளின் வேகம் கூடக் கூட இது கட்டுப்படியாகவில்லை. 1930களின் நடுவில் ட்ரிகோ கம்பெனியே வாஷரையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. பானெட்டுக்கு அடியில் ஒரு கண்ணாடி ஜாடி, அதிலிருந்து ஹோஸ், முன்கண்ணாடிக்குக் கீழே நாசில். டாஷ்போர்டில் ஒரு பட்டனை அழுத்தினால், வைப்பரை ஆட்டிய அதே உறிஞ்சு விசை தண்ணீரையும் மேலே அனுப்பும். ஸ்டூட்பேக்கர் கம்பெனி 1937 வாக்கில் தன் கார்களில் இதைக் கொடுத்தது. ட்ரிகோ பெயர் பொறித்த அந்தக் கண்ணாடி ஜாடிகளைப் பழைய கார் பிரியர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

அடுத்த முப்பது ஆண்டுகள் ஆளுக்கொரு வழியாகத் தண்ணீரை ஏற்றிப் பார்த்தார்கள். சில வண்டிகளில் கிளட்சுக்குப் பக்கத்தில் ரப்பர் குமிழ் இருந்தது. காலால் மிதித்தால் தண்ணீர் போகும். 1965 மாடல் ஃபோர்டு மஸ்டாங் காரில் தொட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் பை ஒன்று தொங்கியது. ஷெவர்லே பிக்கப் போன்ற ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வைப்பர் மோட்டாரின் முதுகிலேயே பம்பை மாட்டிவிட்டார்கள். அதன் பற்சக்கரம் சுற்றினால்தான் பம்பு ஓடும் என்பதால் வாஷரை அழுத்தினால் வைப்பரும் கூடவே ஆடும்.

இதிலெல்லாம் விசித்திரமானது ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் ஏற்பாடு. அந்தக் காரில் எஞ்சின் பின்னால், ஸ்டெப்னி முன்னால். ஸ்டெப்னியில் காற்று சும்மாதானே இருக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ, ஸ்டெப்னி வால்விலிருந்து வாஷர் தொட்டிக்கு ஒரு ஹோஸ் போட்டுவிட்டார்கள். பட்டனை அழுத்தினால் டயரின் காற்று தண்ணீரைத் தள்ளும். மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கண்ணாடியைக் கழுவிக் கழுவி ஸ்டெப்னி சப்பிப் போகாமலிருக்க, காற்று ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் தானே அடைத்துக்கொள்ளும் வால்வும் வைத்தார்கள்.

கடைசியில் நிலைத்தது மின்சார பம்பு. தொட்டியின் அடியில் விரல் நீளத்தில் ஒரு 12 வோல்ட் மோட்டார், அதன் முனையில் சின்னச் சக்கரம். இது தானாகத் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றாது. தண்ணீர் இதன் வாய்க்கு வந்து நிற்க வேண்டும். அதனால்தான் தொட்டியின் அடியில் இதற்கு இடம். வழியில் ஒரு ஒருவழி வால்வு இருக்கும். ஒருமுறை ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் ஹோஸிலேயே நிற்பதற்காக அது. அழுத்திய மறுநொடி நாசிலில் தண்ணீர் வருவது அந்த வால்வின் புண்ணியம்.

கட்டாயம் என்ற சொல் வந்தது 1968-ல். அமெரிக்கப் பாதுகாப்புத் தரநிலைகளில் 104-ஆம் எண் வைப்பருக்கும் வாஷருக்கும் உரியது. கார் வைப்பருக்குக் குறைந்தது இரண்டு வேகம் வேண்டும். ஒன்று நிமிடத்துக்கு 45 முறையாவது துடைக்க வேண்டும், மற்றது 20 முறையாவது. இரண்டுக்கும் இடையே 15-ஆவது வித்தியாசம் இருக்க வேண்டும். கூடவே வாஷரும் இருந்தே தீர வேண்டும். பிறகு பிக்கப், லாரி, பஸ்களுக்கும் இந்தத் தரநிலை வாஷரைக் கேட்டது. ஸ்வீடனின் சாப் கம்பெனி 1970 வாக்கில் ஹெட்லைட்டுக்கும் வைப்பர், வாஷர் வைத்தது. இன்று கேமரா வைத்த கார்கள் சில அந்தக் கேமராவையும் கழுவிக்கொள்கின்றன.

தொட்டியில் எதை ஊற்றுவது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. குளிர் நாடுகளில் வெறும் தண்ணீர் உறைந்து தொட்டியை வெடிக்க வைத்துவிடும். அதற்காக மெத்தனால் கலந்தார்கள். கள்ளச்சாராயச் சாவுகளில் நாம் கேள்விப்படும் அதே நஞ்சு. நீல நிறத்தில் பார்க்க அழகாக இருக்கும் அந்தத் திரவத்தைத் தெரியாமல் குடித்தால் கண் போகும், உயிரும் போகும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல், பொதுமக்களுக்கு விற்கும் வாஷர் திரவத்தில் மெத்தனால் 0.6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. உறையாத ஊர்களிலும் வெறும் தண்ணீர் குற்றமற்றதல்ல. சூடான எஞ்சின் அறையில் நாள்கணக்கில் தேங்கும் தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரக்கூடும். பிரிட்டனில் 2010-ல் வெளியான ஆய்வு, வாஷர் திரவம் சேர்க்காமல் வெறும் தண்ணீர் ஊற்றுவதை அந்தப் பாக்டீரியாவால் வரும் நோயோடு தொடர்புபடுத்தியது.

சினிமாவிலும் வைப்பருக்குத்தான் மவுசு. விட்டு விட்டுத் துடைக்கும் வைப்பரைச் செய்த ராபர்ட் கெர்ன்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் கம்பெனிகளோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடி வென்றார்; 2008-ல் அதைப் படமாகவும் எடுத்தார்கள். வாஷருக்கு அப்படிப் பெயர்பெற்ற வழக்கும் இல்லை, படமும் இல்லை. பழுதானாலும் கேட்பாரில்லை. பழைய பிக்கப் வண்டிகளில் முதலில் செத்துப்போவதும், கடைசியில் சரிசெய்யப்படுவதும் இதுதான்.

சரிசெய்வது கஷ்டமில்லை, காது இருந்தால் பாதி வேலை முடிந்தது. எஞ்சினை அணைத்து, சாவியை ஆன் நிலையில் வைத்து, இன்னொருவரை வாஷரை அழுத்தச் சொல்லிவிட்டு பானெட் பக்கம் நில்லுங்கள். மோட்டார் உறுமும் சத்தம் கேட்கிறதா? கேட்டால் மின்சாரம் சரி, தண்ணீர்ப் பாதையில்தான் கோளாறு. பம்பிலிருந்து ஹோஸைக் கழற்றிவிட்டு மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். பம்பு வாயில் தண்ணீர் பீறிட்டால் அடைப்பு மேலே இருக்கிறது: நாசில் துளையில் உப்புப் படிந்திருக்கும், ஒருவழி வால்வு ஒட்டியிருக்கும், அல்லது பானெட் மடங்கும் இடத்தில் ஹோஸ் விறைத்து வெடித்திருக்கும். நாசிலில் குண்டூசியை மெதுவாக விட்டு எடுக்க வேண்டும். குத்தினால் துளை அகன்று தண்ணீர் திசை மாறிவிடும். பம்பு வாயிலேயே தண்ணீர் வரவில்லை என்றால் தொட்டியின் அடியைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பாசியும் வண்டலும் அங்கிருக்கும் வடிகட்டி வலையை அடைத்திருக்கும். தொட்டியைக் கழற்றிக் குலுக்கிக் கழுவினால் தீர்ந்தது.

சத்தமே இல்லையென்றால் முதலில் ஃப்யூஸ், அடுத்து பம்பின் பிளக்கில் பச்சை பூத்த உலோக முனை, அடுத்து எர்த் ஒயர். டெஸ்ட் லாம்ப்பை பிளக்கில் வைத்து அழுத்தச் சொன்னால் விளக்கு எரிய வேண்டும். எரிந்தும் மோட்டார் ஓடவில்லை என்றால் பம்பு போய்விட்டது. புதிது போடுங்கள், அதோடு தொட்டி ஓட்டையில் உட்காரும் ரப்பர் வளையத்தையும் மாற்றுங்கள். பழைய ரப்பரோடு புதுப் பம்பைச் செருகினால் ஒழுகும். தொட்டி காலியாக இருக்கும்போது பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதும் பம்பைக் கொல்லும். தண்ணீர் வரவில்லை என்று தெரிந்தால் உடனே கையை எடுத்துவிட வேண்டும்.

வாஷர் என்பது அழகு சாமான் இல்லை. பிரேக், ஹெட்லைட் வரிசையில் சேர்ந்த பாதுகாப்புச் சாமான் என்று அமெரிக்கச் சட்டம் சொல்லி அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. டயர் காற்றும் எஞ்சின் ஆயிலும் பார்க்கும் நாளில் வாஷர் தொட்டியையும் திறந்து பாருங்கள். வாஷர் திரவம் கலந்து நிரப்பி, வண்டியை எடுக்கும் முன் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.