மூதவையும் மாத்தளையும்

மக்களின் வாக்கினால் அன்றி, ஆள்வோரின் நியமனத்தினால் ஒருவர் சட்டசபையில் அமர்வது முறையாகுமா? நாடாளுமன்ற ஆட்சி நிலவும் நாடுகளிலெல்லாம் இக்கேள்வி எழுந்ததுண்டு. கனடா நாட்டின் மேற்சபை இன்றும் முற்றிலும் நியமனம் பெற்றோரையே கொண்டது. பாரத நாட்டின் மாநிலங்களவையில் பன்னிருவர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுகின்றனர். இலங்கையிலும் 1947ஆம் ஆண்டு முதல் 1971ஆம் ஆண்டு வரை செனற் சபை எனப்படும் மூதவை ஒன்று இருந்தது. அதன் உறுப்பினர் முப்பதின்மருள் பாதிப்பேர் நியமனம் பெற்றவர்கள். அந்நியமன ஆசனங்களின் வரலாற்றை மாத்தளை மண்ணில் நின்று நோக்குவதே இப்பேச்சின் கருத்தாகும்.

நேயர்களே, நியமனம் என்னும் வழக்கம் இந்நாட்டில் மூதவையோடு தோன்றியதன்று. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைகளை ஒட்டி 1833இல் சட்டநிரூபண சபை அமைந்தது. அதன் பதினைந்து உறுப்பினருள் ஒன்பதின்மர் அரசாங்க உத்தியோகத்தர். எஞ்சிய அறுவரையும் தேசாதிபதியே நியமித்தார். அவ்வறுவருள் மூவர் ஐரோப்பியர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகிய மூன்று சமூகத்தார்க்கும் தலைக்கு ஓர் ஆசனமே கிடைத்தது. கண்டிச் சிங்களவர்க்கெனத் தனி ஆசனம் வைக்கப்படவில்லை.

இக்குறையின் பொருளை மாத்தளை மக்கள் 1848இல் உணர்ந்தனர். நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி. இவற்றின்மேல், ஆண்டுக்கு ஆறு நாள் தெரு வேலை செய்யவேண்டும், இல்லையேல் பணம் கட்டவேண்டும் என்ற விதி. இவற்றையெல்லாம் இயற்றிய சபையில், கண்டி நாட்டார் படும் துன்பத்தை எடுத்துரைக்க அவர்களுக்கென ஓர் உறுப்பினர் இருக்கவில்லை. அவ்வாண்டு யூலை மாதத்தில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். கிளர்ச்சிக்காரர் மாத்தளை நகரினுட் புகுந்தனர். ஆகஸ்டு 8ஆம் நாள் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். கிளர்ச்சியை அடக்கிய கொடுமை இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலேயே விசாரணைக்கு உரியதாயிற்று. தேசாதிபதி ரொறிங்டன் பிரபு பதவி நீங்க நேர்ந்தது. ஆயினும் கண்டிச் சிங்களவர்க்கென ஒரு நியமன ஆசனம் கிடைத்தது 1889இலேதான். அவ்வாசனத்தில் முதலில் அமர்ந்தவர் பானபொக்கே ஆவர். முஸ்லிம் மக்களுக்கும் அதே ஆண்டிலேயே ஓர் ஆசனம் வழங்கப்பட்டது.

பின்னர் வாக்குரிமை படிப்படியாக விரிந்தது. 1931இல் டொனமூர் திட்டத்தின்படி சர்வசன வாக்குரிமை வந்தது. அவ்வாண்டு அமைந்த அரசாங்க சபைக்கு அற்றன் தொகுதியிலிருந்து சென்றவர் பெரி. சுந்தரம். அவர் தொழில், கைத்தொழில், வர்த்தகத் துறைகளுக்கு அமைச்சரானார். பிற்காலத்தில் செனற் சபையிலும் உறுப்பினராக விளங்கினார். இனி அச்சபையின் அமைப்பை நோக்குவோம்.

சோல்பரி அரசியலமைப்பின்படி செனற் சபையின் உறுப்பினர் பதினைவரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. மற்றைப் பதினைவரை மகாதேசாதிபதி நியமித்தார். முப்பத்தைந்து வயது நிரம்பியவரே உறுப்பினராகலாம். பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கினர் விலகினர். பொதுச் சேவையிற் சிறந்தோரையும், கல்வி, சட்டம், மருத்துவம், விஞ்ஞானம், பொறியியல், வங்கித்தொழில், வர்த்தகம், கைத்தொழில், விவசாயம் ஆகியவற்றில் மேம்பட்டோரையும் நியமிக்க முயலவேண்டும் என விதி கூறியது. அமைச்சருள் இருவரேனும் இச்சபையினராதல் வேண்டும். அவ்விருவருள் ஒருவர் நீதி அமைச்சராதல் வேண்டும். பணம் பற்றிய மசோதாவை இச்சபை ஒரு மாதத்துக்கு மேல் தாமதப்படுத்த இயலாது. ஏனைய மசோதாக்களையும் பிரதிநிதிகள் சபை அடுத்தடுத்த இரு தொடர்களில் நிறைவேற்றினால் மூதவையின் தடை பயனற்றதாகும். இச்சபை கூடிய இடமோ, முன்னர்ச் சட்டநிரூபண சபை கூடிய, கொழும்புக் கோட்டையிலுள்ள அதே மாளிகை. அம்மாளிகையில் இன்று வெளிநாட்டமைச்சு இயங்குகின்றது.

ஏட்டில் நியமிப்பவர் மகாதேசாதிபதி. நடைமுறையிலோ பெயரைச் சொல்பவர் பிரதம மந்திரி. மூதவையின் சிறப்பும் சிறுமையும் இவ்வொரு செய்தியில் அடங்கும்.

முதலிற் சிறப்பை நோக்குவோம். 1960 யூலை 21ஆம் நாள் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதம மந்திரியானார். அப்பதவியை ஏற்ற உலகின் முதற் பெண்மணி அவரே. அப்போது அவர் எச்சபையிலும் உறுப்பினரல்லர். சபை உறுப்பினரல்லாத அமைச்சர் நான்கு மாதத்துக்கு மேல் பதவியில் இருத்தலாகாது என்பது சட்டம். ஆகஸ்டு மாதத்தில் செனற் சபைக்கு நியமனம் பெற்று, 1965 வரை அங்கிருந்தே அவர் நாட்டை ஆண்டார். 1965இல் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்தில் இராணி அப்புக்காத்து மு. திருச்செல்வம் நியமன உறுப்பினராகி, உள்ளூராட்சி அமைச்சரானார். தேர்தற் களம் காணாத சட்ட அறிஞர் ஒருவர் தமிழ் மக்கள் சார்பில் அமைச்சரவையில் அமர மூதவை வழிசெய்தது.

அந்நியமனம் நிகழ்ந்த காலத்தில் மகாதேசாதிபதியாக வீற்றிருந்தவர் மாத்தளையின் மைந்தர். அலுவிகாரையை அடுத்த துல்லேவையில் 1896இல் பிறந்த வில்லியம் கோபல்லாவ, மாத்தளையில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர். நகரசபையில் தலைமை வகித்தவர். பின்னர் கண்டியிலும் கொழும்பிலும் மாநகர ஆணையாளராகவும், சீனத்திலும் அமெரிக்காவிலும் தூதுவராகவும் பணியாற்றியவர். 1962இல் மகாதேசாதிபதியானதும், முன்னோர் அணிந்த சீருடையைத் தவிர்த்துத் தேசிய உடை தரித்தார். 1848இல் தம் குறையைச் சொல்லச் சபையில் ஆளற்றிருந்த ஊரிலிருந்து, சபைக்கே ஆள் நியமிக்கும் பதவிக்கு ஒருவர் உயர்ந்தார்.

ஆனால் மாத்தளையில் வேறொரு மக்களும் வாழ்ந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நாட்கணக்காக நடந்து, நோயாலும் பசியாலும் வழியிற் பலரை இழந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் மலைநாட்டில் முதலில் அடைந்த பெருநகர் மாத்தளையே. அந்நகரின் முத்துமாரியம்மன் கோவில் அவர்கள் வழிவந்தோரின் பக்திக்குச் சான்றாக நிற்கின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949இன் வாக்குரிமைத் திருத்தமும் இம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கின. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸின் உறுப்பினர் எழுவரைப் பிரதிநிதிகள் சபைக்கு அனுப்பிய மக்களால், 1952இல் ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை.

அவசரச் சட்டங்களை நின்று நிதானித்து ஆராய்தலே மூதவையின் கடன் என்பர். சிறுபான்மையோர்க்கு அது காவலாகும் என்றும் எதிர்பார்த்தோர் உண்டு. எனினும் அச்சட்டங்களை அது தடுத்து நிறுத்தவில்லை. 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்தையும் தடுக்கவில்லை. நடேசன் போன்றோர் சபையில் வாதாடினர். வாக்கெடுப்பில் வாதம் வெல்லவில்லை. நியமித்த அரசாங்கத்தை எதிர்த்து நிற்கும் வலிமை நியமனம் பெற்றோர்க்கு எளிதில் வாய்ப்பதில்லை. 1960இல் சௌ. தொண்டமான் பிரதிநிதிகள் சபைக்கே நியமன உறுப்பினராகச் சென்றார். வாக்கிழந்த மக்களின் தலைவர் அரசாங்கத்தின் தயவினாலேயே சபை புக நேர்ந்தது. அவ்வாசனம் குரலைத் தந்தது. பறிபோன உரிமையைத் தரவில்லை.

திருச்செல்வத்தின் அனுபவமும் இதனையே உணர்த்தும். திருக்கோணமலைக் கோணேசர் கோவிற் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் ஒரு குழுவை அமைத்தார். எதிர்ப்பு எழவே பிரதம மந்திரி அக்குழுவை நிறுத்தினார். 1968இல் திருச்செல்வம் அமைச்சர் பதவியைத் துறந்தார். நியமனம் அவரை அமைச்சராக்கியது. தம் அமைச்சின் முடிவை நிலைநிறுத்தும் பலத்தை அளிக்கவில்லை.

1970இல் மூன்றிலிரண்டுக்கும் மேற்பட்ட பெரும்பான்மையோடு ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. மூதவையின் துணையால் முன்னர் ஆட்சி நடத்திய அதே திருமதி பண்டாரநாயக்கவின் அரசாங்கமே அதனை ஒழிக்க முனைந்தது. 1971 அக்டோபர் 2ஆம் நாள், அரசியின் பெயரால் வழங்கப்பட்ட சம்மதத்தோடு செனற் சபை மறைந்தது. அப்போதும் மகாதேசாதிபதி கோபல்லாவ அவர்களே. அடுத்த ஆண்டு மே 22ஆம் நாள் நாடு குடியரசானபோது அவர் அதன் முதல் சனாதிபதியானார். அக்குடியரசின் அரசியலமைப்பு, சிறுபான்மையோர்க்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவையும் கைவிட்டது.

மூதவை மறைந்தாலும் அதன் நிழல் முற்றும் மறையவில்லை. இன்றைய பாராளுமன்றத்தின் 225 உறுப்பினருள் 29 பேர் தேசியப்பட்டியல் வழியே வருகின்றனர். அங்கே பெயர் குறிப்பவை கட்சிகள். நாடற்றோராய் எஞ்சிய மலையக மக்களுக்கு வழிவிட்டதோ நியமன ஆசனமன்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் முதலான குடியுரிமைச் சட்டங்களே.

கற்றோரும் சான்றோரும் சபையில் இருத்தல் நன்று. தேர்தலுக்கு அஞ்சும் அறிஞர்க்கு ஒரு வாயில் திறந்திருத்தலும் நன்று. ஆயினும் ஒருவர் கொடுத்த ஆசனம் கொடுத்தவர் மனத்தை நோக்கியே நிற்கும். மக்கள் கொடுத்த ஆசனமோ மக்களை நோக்கி நிற்கும். வரிக்கு எதிராக எழுந்த கண்டிக் குடியானவனும் வாக்கிழந்த தோட்டத் தொழிலாளியும் வெவ்வேறு காலத்தவர், வெவ்வேறு மொழியினர். தமக்காகப் பேச ஒருவரைத் தாமே அனுப்பும் உரிமை இருவர்க்கும் இல்லாதிருந்தது. மாத்தளை மண் நமக்குக் கூறும் பாடம் இதுவே.