மந்தை என்பது எது? மலையகத் தோட்டக் கறவை மாடுகளிடையே ஒட்டுண்ணிகள் பரவும் வழிகள்

கால்நடை நூல்கள் ஒட்டுண்ணித் தடுப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு மேய்ச்சல் நிலம், சுற்றிலும் வேலி, உள்ளே ஒரே உரிமையாளரின் மாடுகள் என்ற சித்திரத்தை மனத்தில் வைத்தே பேசுகின்றன. இலங்கையின் அம்பேவல போன்ற பெரும் பண்ணைகளுக்கு அது பொருந்தும். ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் லயன் குடியிருப்புகளில் நிலைமை வேறு. குடும்பத்துக்கு ஒன்றிரண்டு மாடுகள். பெரும்பாலும் பிரீசியன், ஜேர்சி, அயர்சயர் கலப்பினங்கள். கொட்டிலில் கட்டியே வளர்க்கப்படுபவை. அங்கே மாட்டைத் தேடிப் புல் வருகிறது. ஒரே கானில் (கழிவுநீர் வாய்க்காலில்) சாணம் வடியவிட்டு, ஒரே சரிவில் அறுத்த புல்லைத் தின்னும் மாடுகள் எத்தனை பேருக்குச் சொந்தமானாலும், ஒட்டுண்ணியைப் பொறுத்தவரை அவை ஒரே மந்தை என்பதே இக்கட்டுரையின் வாதம். தடுப்பு முறையையும் அந்த மந்தைக்கே வகுக்க வேண்டும்.

1. கானும் புல்லுக்கட்டும்

லயன் மேட்டில் இருக்கும். கொட்டில்கள் அதன் ஓரத்தில் வரிசையாக நிற்கும். கொட்டில் கழுவிய நீர் சாணத்தோடு கானில் இறங்கிப் பள்ளத்துக்குப் போகிறது. அந்த உரத்தில் கான் கரைப் புல் செழித்து வளர்கிறது. கொழுந்து பறித்துக் களைத்து வரும் பெண் அந்தப் புல்லைத்தான் அறுத்துத் தலையில் சுமந்து வருகிறார்.

சாணத்தோடு வெளியேறும் குடற்புழு முட்டைகள் பொரிந்து, மூன்றாம் பருவ இளம்புழுவாகி, புல்லின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் நெளிந்து ஏறுகின்றன. வயிற்றுச் சுவரில் இரத்தம் உறிஞ்சும் ஹீமோங்கஸின் பெண் புழு ஒன்றே நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இதமான வெப்பத்தில் முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்தில் தொற்றும் பருவத்தை எட்டுகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் குளிரில் இந்த வளர்ச்சி மந்தமாகும். ஆனால் வளர்ந்துவிட்ட இளம்புழுவை வெயிலும் வறட்சியுமே விரைவில் கொல்பவை. தென்மேற்குப் பருவ மழையில் நனையும் ஹட்டன் சரிவுகளில் மாதக் கணக்கில் இவை இரண்டும் குறைவு.

இளம்புழுக்களில் பெரும்பங்கு புல்லின் அடிப்பகுதியில், தரையிலிருந்து சில விரற்கடை உயரத்துக்குள்ளேயே தங்கும். பனி உலர்ந்தபின், அடிக்கட்டை விட்டு உயர்த்தி அறுப்பது நல்லது என்பது இதனால்தான். ஆயினும் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கான வருகைப் பதிவுக்கு, போக வேண்டியவருக்குப் பனி உலரும்வரை காத்திருக்க நேரமில்லை. தாமதித்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான், விழும். ஆகவே ஈரப் புல்லை அறுப்பதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. தோட்ட வேலையின் கடிகாரமும் நோய்ப் பரவலின் ஒரு காரணி.

2. கொட்டில் காக்குமா?

கட்டி வளர்க்கும் மாட்டுக்குப் புழுத்தொல்லை குறைவு என்று எதிர்வாதம் எழலாம். மேய்ச்சல் மாட்டோடு ஒப்பிட்டால் அதில் உண்மையுண்டு. ஆனால் புல்லே தேவைப்படாத ஒட்டுண்ணிகளும் உள்ளன. டொக்சோகாரா என்ற உருண்டைப் புழுவின் இளம்பருவங்கள் தாய்ப் பசுவின் திசுக்களில் உறங்கிக் கிடந்து, ஈன்றபின் பால் வழியாகக் கன்றுக்குள் நுழைகின்றன. சில வாரங்களில் அவை முதிர்ந்து, கன்றின் கழிச்சலோடு முட்டைகளைப் பெருமளவில் வெளியேற்றுகின்றன. தடித்த ஓடுள்ள அம்முட்டைகள் ஈர மண்ணில் நெடுங்காலம் பிழைத்து, தீவனத்தோடு மீண்டும் பசுக்களை அடைகின்றன. இரத்தக் கழிச்சல் தரும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணிக்கும் ஈரத் தரையே போதும். டொக்சோகாராவின் வட்டத்தை அறுக்க ஏற்ற தருணம் கன்றின் இரண்டு, மூன்றாம் வாரம். அப்போது கொடுக்கும் மருந்து, புழு முட்டையிடத் தொடங்குமுன்பே அதை அழித்துவிடுகிறது. வயிறு உப்பிக் கழியத் தொடங்கியபின் மருந்து தேடினால், அதற்குள் முட்டைகள் கொட்டில் மண்ணில் கலந்திருக்கும்.

உண்ணிக்கு வேறு கணக்கு. மாட்டுண்ணி பபீசியா என்ற இரத்த ஒட்டுண்ணியைக் கடத்துகிறது. சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் செந்நிறமாகிறது. இளங்கன்றுக்கு இதில் இயல்பான தாங்குசக்தி உண்டு. அப்பருவத்தில் தொற்றித் தேறியது பின்னர் நோயெதிர்ப்போடு வாழும். குளிரால் உண்ணி பெருகாத உச்சிப் பகுதியில் வளர்ந்த பசுவுக்கு அந்த எதிர்ப்பு வாய்ப்பதில்லை. நல்ல கறவை என்று நம்பி அதைக் கீழ்த் தோட்டத்துக்கு வாங்கிப் போகும் குடும்பம், சேமிப்பு முழுவதையும் ஆபத்தில் வைக்கிறது.

3. மருந்துக்கு அப்பால்

புழு மருந்து மாட்டின் உடலுக்குள் வேலை செய்கிறது. கான் கரையை அது தொடுவதில்லை. அல்பெண்டசோல் கொடுத்தபின் சில நாள் பாலை விற்கக் கூடாது. அது குடும்பத்தின் வருமான இழப்பு. ஒருவர் மருந்து கொடுத்துப் பக்கத்துக் கொட்டில்காரர் கொடுக்காவிட்டால், அதே சரிவிலிருந்து புழு திரும்பி வரும். ஒரே மருந்தை அடிக்கடி கொடுத்தால் எதிர்ப்புள்ள புழுக்களே எஞ்சும்.

தனியாகச் செய்வதற்கும் சேர்ந்து செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை எருக்குவியல் தெளிவாகக் காட்டுகிறது. சாணம் நொதித்து உள்வெப்பம் 55 பாகை செல்சியசுக்கு மேல் சில நாள் நின்றால் முட்டைகளும் இளம்புழுக்களும் மடிகின்றன. மலைக்குளிரில் சிறு குவியலுக்கு அந்தச் சூடு ஏறாது. ஏறக்குறைய ஒரு கன மீட்டராவது வேண்டும். நாளுக்குச் சுமார் 20 கிலோ சாணமிடும் ஒரு மாட்டை வைத்திருப்பவர் அதைச் சேர்க்க ஒரு மாதத்துக்கு மேலாகும். ஆறு கொட்டில்கள் சேர்ந்தால் ஒரு வாரம் போதும். புரட்டிப் பதப்படுத்திய அந்த எருவை மரக்கறிப் பாத்திக்கும் புல் நிலத்துக்கும் அச்சமின்றி இடலாம்.

இங்கேதான் உரிமைச் சிக்கல் எழுகிறது. மாடு தொழிலாளிக்குச் சொந்தம். கானும் சரிவும் தோட்ட நிர்வாகத்தின் கையில். 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளே நிலத்தை நிர்வகிக்கின்றன. கழிவுநீரைத் திருப்பவும், பொது எருக்குழி வெட்டவும், கானுக்கு எட்டாத மேட்டில் புல் வளர்க்கவும் அவர்களின் இசைவு வேண்டும். கால்நடை வைத்தியர் லயனுக்கு வரும் நாளில், நோயுற்ற மாட்டைப் பார்த்தபின் அந்தக் கானோடு பள்ளம்வரை நடந்து பார்க்கட்டும். தோட்ட அதிகாரியும் உடன் நடக்கட்டும். மந்தையின் எல்லை எதுவென்று அந்த நடையில் இருவருக்கும் தெரியும்.