பாலியத்தில் ஒரே விளையாட்டு: ஒரு மறுபரிசீலனை

எட்டு வயதுச் சிறுவன் மட்டையைப் பிடிக்கும் லாகவத்தைக் கண்டு பூரித்த பெற்றோர், அவனை அருகிலுள்ள கிரிக்கெட் அகாடமியில் சேர்த்து, காலையும் மாலையும் வலைப் பயிற்சிக்கு அனுப்பி, தெருவில் அவன் ஆடிவந்த கபடியையும் பள்ளி மைதானத்தில் உதைத்துவந்த கால்பந்தையும் வீண் பொழுதுபோக்கு என்று நிறுத்திவிடுவது நம் நகரங்களில் சர்வசாதாரணமாகிவிட்டது. அவர்களுடைய தியாகத்தையோ நல்லெண்ணத்தையோ நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும், பிஞ்சுப் பருவத்திலேயே ஒரே ஆட்டத்தில் மூழ்கியவன்தான் பிற்காலத்தில் சிகரத்தை எட்டுவான் என்ற அவர்களது நம்பிக்கைக்குப் போதிய பிரமாணம் இல்லை என்பதும், அந்த நம்பிக்கையை வளர்த்துவருவது குழந்தையின் இயல்பன்று, குழந்தைகளுக்கென்று பெரியவர்கள் வகுத்துவைத்திருக்கும் போட்டிகளும் தேர்வுகளுமே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

எதிர்க்கட்சியாரின் முதற்சான்று 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்கள் இருவரும் வெளியிட்ட ஆராய்ச்சி. பெர்லின் இசைக் கல்லூரியில் வயலின் பயின்ற மாணாக்கரில் மிகச் சிறந்தவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனித்திருந்து சாதகம் செய்திருந்தார்கள் என்று அது கண்டது. 2008இல் மால்கம் கிளாட்வெல் எழுதிய நூலின் வாயிலாக அந்த எண் உலகமெங்கும் ஒரு சூத்திரமாகப் பரவிற்று. சராசரியாகக் கூறப்பட்டது நிபந்தனையாக மாறியது முதற்பிழை. அதனினும் முக்கியமானது, வயலினில் அமைந்த அப்பியாச நியதியை மைதானத்துக்கு அப்படியே பொருத்தியது. வாத்தியக்காரர் ஒரு கிருதியை வாசிக்கும்போது அதைக் கெடுக்க எதிரே ஒருவர் நிற்பதில்லை. பந்தாட்டக்காரனுக்கோ எதிரியின் தோள் சாய்வு, தரையின் ஈரம், காற்றின் திசை, சக ஆட்டக்காரனின் ஓட்டம் ஆகிய யாவும் கணந்தோறும் மாறுகின்றன. இத்தகைய மாற்றங்களைப் படித்தறியும் சக்தி ஒரே அசைவைப் பல்லாயிரம் தடவை திருப்பிச் செய்வதனால் மட்டும் வந்துவிடுவதில்லை.

நேரடியாக விளையாட்டு வீரர்களையே பற்றிய சான்றும் இப்போது நம் கையில் இருக்கிறது. ஆர்னே கூலிஷ், புரூக் மெக்னமாரா, டேவிட் ஹாம்பிரிக் ஆகிய மூவரும் 51 ஆய்வறிக்கைகளைத் தொகுத்து, 6,096 வீரர்களின் வரலாற்றை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட கட்டுரை அது. அவ்வீரர்களில் 772 பேர் உலகின் முன்னணியில் நின்றவர்கள். சிறுவர் பிரிவுகளில் வெற்றி பெற்றவர்கள், தங்கள் முதன்மை ஆட்டத்தைச் சீக்கிரம் தொடங்கி, அதிலேயே அதிகம் பயின்று, வேறு ஆட்டங்களில் குறைவாக ஈடுபட்டு, விரைந்து முன்னேறியவர்கள். பெரியவர்களான பின் உலகத் தரத்தை எய்தியவர்களோ, தேசிய அளவோடு நின்றுவிட்டவர்களைக் காட்டிலும் தாமதமாகத் தொடங்கி, பால்யத்தில் பிற ஆட்டங்களையும் பயிற்சியாளரின் கீழ் அதிகம் பயின்று, ஆரம்பத்தில் மெதுவாகவே முன்னேறியவர்கள். பதினான்கு வயதில் கோப்பையைப் பெற்றுத் தருகிற பாதையும் இருபத்தைந்து வயதில் உலகப் பதக்கத்துக்கு இட்டுச்செல்கிற பாதையும் ஒரே பாதையின் முன்பின் பகுதிகள் என்று நாம் இதுவரை எண்ணியிருந்தோம். அவை பெரும்பாலும் வெவ்வேறு திசைகளில் பிரிகின்றன என்பதே இந்த ஆராய்ச்சியின் சாரம்.

இது காரிய காரண சம்பந்தத்தை நிரூபிக்கவில்லை என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. பிறவியிலேயே தேக வன்மை மிக்க குழந்தை எந்த ஆட்டத்தை ஆடினாலும் வெல்லும், ஆகையால் பல ஆட்டங்களை ஆடியது அதன் திறமைக்கு அடையாளமேயன்றிக் காரணம் அல்ல என்று கூற இடமிருக்கிறது. ஆனால் இந்த ஆட்சேபத்தை முழுவதும் ஏற்றுக்கொண்டாலும், பல ஆட்டங்களை ஆடியதால் ஒரு குழந்தையின் எதிர்காலம் கெட்டது என்ற முடிவு அதிலிருந்து பிறவாது. சீக்கிரம் தொடங்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று பெற்றோரை அச்சுறுத்துகிறவர்களே தங்கள் கூற்றை நிரூபிக்கக் கடமைப்பட்டவர்கள்.

அப்படியானால் அந்த அச்சம் எங்கிருந்து வந்தது? 1985இல் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய சகாக்களும் கனடாவின் பனி ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களைக் கணக்கெடுத்தபோது, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறிக் காணப்பட்டார்கள். ஜனவரி முதல் தேதியைக் கொண்டு வயதுப் பிரிவை வகுத்தமையால், ஜனவரியில் பிறந்த குழந்தை டிசம்பரில் பிறந்த குழந்தையைவிடப் பதினோரு மாதம் மூத்ததாய், உயரமும் பலமும் மிக்கதாய்த் தோன்றித் தேர்ந்தெடுக்கப்படுகிறது; பிறகு நல்ல பயிற்சியும் அதற்கே கிடைக்கிறது. பத்து வயதில் தேர்வு நடத்துகிறவர்கள் திறமையைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொண்டு, முந்திப் பிறந்ததையும் முந்திப் பருவமடைந்ததையும் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வு சீக்கிரம் நடக்கும்வரை பயிற்சியும் சீக்கிரம் குறுகத்தான் செய்யும். விளையாட்டு விடுதியில் இடம், மாநில அணியில் பெயர், கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு என்று ஒவ்வொரு வாசலிலும் சான்றிதழைக் கேட்கும் ஏற்பாட்டில், அதைத் தேடி ஓடுகிற தகப்பனாரை மட்டும் குறை கூறுவது தர்மம் ஆகாது.

சரீரத்தைப் பற்றிய பிரமாணம் இன்னும் கடுமையானது. வேகப்பந்து வீசும் சிறுவனைச் சற்று நெருங்கி நின்று பாருங்கள். ஓடிவந்து முன்காலை ஊன்றும் கணத்தில் அவனுடைய எடையைப் போல் பன்மடங்கு விசை தரையிலிருந்து அந்தக் காலின் வழியே மேலேறுகிறது. அதே கணத்தில் இடுப்புக்கு மேற்பட்ட உடல் பின்னோக்கி வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. இந்த மூன்று இயக்கங்களும் சந்திக்குமிடம் கீழ் முதுகெலும்பின் பின்புறத்திலுள்ள ஒரு மெல்லிய எலும்புப் பாலம். வலக்கைப் பந்துவீச்சாளனுக்குப் பெரும்பாலும் இடப்புறத்தில்தான் அங்கே கீறல் விழுகிறது. விழுந்த நாளில் அவனுக்கு அது தெரிவதில்லை. சில வாரங்கள் முதுகு பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு தொடர்ந்து வீசுகிறான். 1973இல் முதுகெலும்பு முறிந்து, நீண்ட ஓய்வுக்கும் தேகப்பயிற்சிக்கும் பிறகே ஆஸ்திரேலிய அணிக்குத் திரும்பியவர் டென்னிஸ் லில்லி. அவரே 1987 முதல் சென்னை எம்.ஆர்.எஃப். வேகப்பந்து வீச்சு மையத்தில் இந்திய இளைஞர்களுக்கு ஆசானாக விளங்கினார். முதிர்ந்த வீரரையே சாய்த்த இந்த முறிவு, எலும்பு முற்றாத சிறுவனை எளிதில் பற்றும். பதின்மூன்று வயதுக்குட்பட்டவன் இடையில் ஓய்வின்றி ஒரே தொடர்ச்சியாக ஐந்து ஓவருக்கு மேல் வீசலாகாது என்று இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் வரம்பு கட்டியது இதனால்தான்.

அமெரிக்காவின் பேஸ்பாலில் இதே விபரீதம் முழங்கையில் நிகழ்கிறது. 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற முப்பத்தொரு வயதுத் தொழில்முறை வீரரின் முழங்கைத் தசைநாரைப் புதுப்பித்துச் செய்த அறுவை சிகிச்சை, அந்த வீரரின் பெயராலேயே வழங்கலாயிற்று. 2007 முதல் 2011 வரை அந்நாட்டில் நிகழ்ந்த அத்தகைய அறுவைகளை ஒரு காப்பீட்டுத் தரவுத் தொகுப்பிலிருந்து ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவை பதினைந்து முதல் பத்தொன்பது வயதினருக்குச் செய்யப்பட்டிருந்தன. ஆண்டு முழுவதும் ஒரே கையால் ஒரே ஆட்டத்தை ஆடியதற்குப் பிள்ளைகள் கொடுத்த விலை இது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, ஒரே விளையாட்டில் குறுகுவதைப் பதினைந்து பதினாறு வயது வரையில் தள்ளிப்போடுமாறும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதம் முதன்மை ஆட்டத்திலிருந்து ஓய்வு கொடுக்குமாறும் பரிந்துரைத்தது.

ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற கலைகளில் சீக்கிரம் தொடங்கினால்தான் கதி உண்டு என்பார்கள். 1976இல் நாடியா கொமனச்சி பதினான்கு வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்றது உண்மைதான். ஆனால் 1997இல் சர்வதேசச் சம்மேளனம் வயது வரம்பைப் பதினாறுக்கு உயர்த்தியபின் அக்கலை தாழ்ந்துவிடவில்லை. ஒக்சானா சுசோவிதினா எட்டு ஒலிம்பிக்குகளில் பங்கெடுத்து, முப்பத்து மூன்று வயதில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். சிமோன் பைல்ஸ் 2024இல் இருபத்தேழு வயதில் பாரிஸில் ஒட்டுமொத்தப் பிரிவின் தங்கத்தை வென்றார். குழந்தைகளே வெல்ல முடியும் என்ற நிலைமையில் ஒரு பகுதியையேனும் இயற்கை விதிக்கவில்லை, விதிப்புத்தகம் விதித்திருந்தது. சதுரங்கத்தின் வழக்கு வேறு. அங்கே எலும்பும் தசைநாரும் பணயம் வைக்கப்படுவதில்லை.

விதிப்புத்தகத்தை மாற்றிப் பார்த்த நாடு நார்வே. அங்கே குழந்தைகளின் விளையாட்டுக்கென்றே தனி நியமங்கள் உண்டு: பதினோரு வயது வரை தரவரிசைப் பட்டியல் கிடையாது, பதின்மூன்றாம் ஆண்டுக்கு முன் தேசியச் சாம்பியன் பட்டமும் கிடையாது. ஏறத்தாழ 54 லட்சம் மக்களே கொண்ட அத்தேசம் 2022இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்றது. பனியும் செல்வமும் அந்த வெற்றிக்குத் துணைநின்றிருக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. குழந்தைகளை விரட்டாததனால் அந்நாடு பின்தங்கிவிடவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நம்மிடையேயும் இதற்கு மாறான ஒரு மரபு இருந்தது. 1934இல் இந்தியாவுக்காகக் கிரிக்கெட் டெஸ்ட் ஆடி, அதே ஆண்டு சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதற்பந்தையும் வீசி, 1935இல் இந்திய ஹாக்கி அணியோடு நியூஸிலாந்து சென்றுவந்த எம்.ஜே. கோபாலன், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளானது 1936இல், இருபத்தைந்து வயதைக் கடந்த பிறகுதான். இன்றைய போட்டியின் கடுமையில் இரு ஆட்டங்களிலும் சர்வதேச நிலையை எய்துவது அரிதினும் அரிது. அதை நான் கோரவில்லை; எட்டு வயதில் கேட்கப்படும் கேள்வியைப் பதினைந்து வயதில் கேளுங்கள் என்றே கோருகிறேன்.

இதற்கு அரசும் விளையாட்டுச் சங்கங்களும் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பதின்மூன்று வயதுக்குட்பட்டோரின் வெற்றிச் சான்றிதழுக்கு எந்தச் சேர்க்கையிலும் மதிப்பெண் அளிக்கலாகாது. விளையாட்டு விடுதிகளில் சேரும் இளம் மாணாக்கர் முதல் இரண்டு ஆண்டுகளேனும் மூன்று ஆட்டங்களைப் பயில வேண்டும். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் எடுத்துக்கொள்ளப்படும் உடற்கல்வி வகுப்பை அந்தந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.